இரண்டரை இருக்கை

"உங்க வீட்டுல உட்கார்றதுக்கு எத்தனை பொருள் இருக்கு பாப்பா?"

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒருவர் வாசலில் நின்று இப்படிக் கேட்டார். அம்மா தைத்த உருப்படிகளைக் கொடுத்துவரப் போயிருந்தாள். புது ஆள் ஏதாவது கேட்டால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் விரலால் காட்டினேன். தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் மர ஸ்டூல் ஒன்று. கால் ஆடும் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காட்டினேன். அதில் உட்கார்ந்துதான் நான் பட்டன் தைப்பேன்.

"இது வாளியாச்சே" என்றார்.

நான் போய் வாளியின் மேல் உட்கார்ந்து காட்டினேன்.

அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பதினேழாம் கேள்வி உட்காரும் பொருள்களைப் பற்றியது. இருபத்திரண்டாம் கேள்வி தண்ணீர் பிடிக்கும் பாத்திரங்களைப் பற்றியது. ஒரே பொருளை இரண்டு கேள்வியிலும் எழுதக் கூடாது என்று விதி. மேலே கேட்டுச் சொல்வதாகப் போனவர், ஆறு மாதம் கழித்துப் பதிலோடு வந்தார். மூன்று கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள். நாளில் பாதி நேரம் அது வாளி, பாதி நேரம் இருக்கை. ஆகவே இரண்டு இடத்திலும் அரை அரையாக எழுதலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கைகள் இரண்டரை.

அவர் உலக வளர்ச்சி இடைவெளி ஆய்வு நிலையத்திலிருந்து வந்தவர். சில நாடுகள் ஏன் வளர்ந்துவிட்டன, மற்றவை ஏன் வளர்ந்துகொண்டே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அந்த நிலையத்தின் வேலை. முதல் நாளே வீட்டுக்கு வீடு கரண்டிகளை எண்ணியதால் தெருப் பிள்ளைகள் அவருக்குக் கரண்டி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்பார். முடிந்ததும் தாளின் அடியில் அச்சடித்திருந்த வரியை எழுந்து நின்று படிப்பார்: "தங்கள் பொன்னான நேரத்திற்கு நன்றி. தங்கள் பதில்கள் உலகின் வளர்ச்சிக்கு உதவும்." படிக்காமல் போனால் பேட்டி செல்லாது. ஒருமுறை அம்மா காய்ச்சலில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள். நான் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அவர் எழுந்து நின்று வாளியைப் பார்த்து அந்த வரியைப் படித்துவிட்டுப் போனார்.

எங்கள் தெருவில் இரண்டு வரிசை வீடுகள். எதிர் வரிசையை நிலையம் உதவி வரிசை என்று எழுதிக்கொண்டது. எங்களுடையது ஒப்பீட்டு வரிசை. வாசல் நிலையின் மேல்கட்டையில் நீலத் தகடு அடித்தார்கள்: ஒப்பீட்டு வீடு 41. அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள். எதிர் வரிசைக்கு ஏழு வருடம் உதவி செய்வார்களாம். எங்கள் வரிசைக்கு ஒன்றும் செய்யமாட்டார்களாம். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உதவியால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடுமாம்.

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள் அம்மா.

"அதுதாம்மா ரொம்பக் கஷ்டமான வேலை" என்றார் கரண்டி சார்.

எதிர் வீட்டில் அட்டைப்பெட்டி செய்யும் அக்கா இருந்தாள். உதவி வரிசைக்கு வந்த உதவி, பயிற்சியாக வந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையிலிருந்து மாலை வரை முன்னேறும் மனம் என்ற வகுப்பு. அக்காவுக்கு ஒரு கோப்பும் பேனாவும் மூடி போட்ட தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, நான் ஒரு வளர்ந்த நாடு என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். "நினைச்சேன். தூக்கம்தான் வந்துச்சு" என்றாள் அக்கா. வாரத்தில் மூன்று நாள் பெட்டி செய்ய ஆள் இல்லை என்று அவளுடைய வாடிக்கை பேக்கரி வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. அவள் எங்கள் வாசலுக்கு வந்து, அம்மா மெஷின் மிதிப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "நீ குடுத்து வச்சவ. உன்னை யாரும் எதுக்கும் கூப்பிடறதில்லை."

அப்பா வளர்ந்த நாடு ஒன்றில் கட்டிட வேலையில் இருந்தார். ஓர் அறையில் எட்டுப் பேர். நாற்காலி கிடையாது, நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன் என்று போனில் சொல்வார். நிலையத்தின் கணக்கில் அப்பா எங்கள் வீட்டு ஆள் இல்லை, அந்த நாட்டு ஆள். அந்த நாட்டில் வீட்டுக்குச் சராசரி பதினோரு இருக்கை என்று கரண்டி சார் ஒரு படத்தைக் காட்டினார். நம் நாட்டுச் சராசரி இரண்டரை. அந்த அரை எங்கள் வாளிதான் என்று அம்மா நம்பினாள். அங்கே வீட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றார்.

"ரெண்டு பேருக்குப் பதினோரு நாற்காலியா? மீதி ஒம்பதுல யாரு உட்காருவா?"

"யாரும் உட்காரமாட்டாங்க. அதுதான் வளர்ச்சி."

அம்மா அன்றைக்கு அப்பாவிடம் போனில், அங்கே ஒன்பது நாற்காலி சும்மா கிடக்கிறதாம், ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள் என்று சொன்னாள்.

இப்படியே ஆறு வருடம் போனது. நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தேன். அம்மா ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். அப்போது சீருடைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். அம்மாவின் தையல் அவருக்குப் பிடித்திருந்தது. மூன்று பள்ளிக்கூடங்களின் சீருடையை வருடா வருடம் அம்மாவுக்கே தருவதாகச் சொன்னார். மிதி மெஷினில் அந்த வேகம் வராது. அவருடைய கிடங்கில் இரண்டு மோட்டார் மெஷின் சும்மா கிடந்தது. வீட்டில் தொழில் மின் இணைப்பு வாங்கினால் அந்த இரண்டையும் கொண்டுவந்து போடுகிறேன் என்றார். அதுவரை மிதித்தே சமாளிக்க வேண்டும்.

சமாளிக்க இன்னும் இரண்டு கை வேண்டும். என்னைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள அம்மா என் வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தாள். டீச்சருக்குக் கோபம். கடைசியில், ஆண்டுத் தேர்வு வரைக்கும் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறேன், அதற்குள் அனுப்பிவிடுங்கள் என்றார்.

"ரெண்டே மாசம்டி. கரண்ட் வந்துட்டா மெஷின் தைச்சுக்கும். நீ போய்ப் படிக்கலாம்" என்றாள் அம்மா என்னிடம்.

எனக்கு வகுப்பில் பேசத்தான் வராது. படிக்க வரும். புத்தகப்பையை மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்தேன்.

மின் அலுவலகத்தில் எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கினார், கையெழுத்தைப் பார்த்தார், வீட்டு எண்ணைப் பார்த்தார். அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். அதில் நாற்பத்தொன்றுக்கு நேராக நீலப் புள்ளி வைத்திருந்தது. நீலப் புள்ளி வீடுகளுக்குக் கம்பி இழுக்க வேண்டுமென்றால் நிலையத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வேண்டும்.

"நான் வாங்கற கரண்டுக்கு அவங்க எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"உங்களுக்குக் குடுத்துட்டா உங்க வீடு மாறிடும்ல" என்றார் எழுத்தர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

நிலையம் ஐந்து மாடிக் கட்டிடம். கீழ்த்தளத்தில் மட்டும் அறுபது நாற்காலி இருந்தது. நான் எண்ணினேன். கரண்டி சார் வந்து வந்து எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. நான்காம் மாடியில் துணை இயக்குநர் அம்மையார் எங்களை எழுந்து நின்று வரவேற்றார். ஒப்பீட்டு வீட்டு ஆள்களை மதிப்போடு நடத்த வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க வளரக் கூடாதுன்னு யாரும் சொல்லலைம்மா. எங்களுக்குத் தெரியாம நீங்க வளர்ந்தா அது ஆய்வுக்குத் துரோகம். எங்களுக்குத் தெரிஞ்சு வளர்ந்தா அது ஆய்வுல கலப்படம். இது ரெண்டும் இல்லாம நீங்க எவ்வளவு வேணும்னாலும் வளரலாம்."

"எதிர்ல எல்லாருக்கும் உதவி பண்றீங்களேம்மா."

"அவங்க எவ்வளவு வளர்ந்திருக்காங்கன்னு எதை வச்சுப் பார்க்கறது? உங்களை வச்சுத்தானே? நீங்க அசைஞ்சுட்டா அவங்க நிக்கற இடமே எங்களுக்குத் தெரியாம போயிடும். இன்னும் ஒரு வருஷம்தான். கொஞ்சம் அப்படியே இருங்க."

போட்டோ எடுப்பவர் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

அம்மா விடவில்லை. வாரம் இரண்டு தடவை போனாள். முதலாம் மாடியில் மனு கொடுத்து, மூன்றாம் மாடியில் முத்திரை வாங்கி, அதை முதலாம் மாடியில் காட்டி, ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். லிப்ட் ஊழியர்களுக்கு மட்டும். அப்படி ஏறி இறங்கியதில் கடைசியாக அவளுடைய மனு இயல்பான வளர்ச்சிக் குழுவின் முன் வந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் தானாகவே வந்த வளர்ச்சி என்று நிரூபித்தால் கடிதம் கிடைக்குமாம்.

குழுவில் ஏழு பேர். துணைக்குப் போன என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். மோட்டார் மெஷின் வாங்கும் எண்ணம் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று தலைவர் கேட்டார். எதிர் வரிசைக்காரர்கள் வகுப்பில் படித்ததை ஜன்னல் வழியாகச் சொன்னார்களா? ஏதாவது துண்டுப் பிரசுரம் பறந்து வந்து விழுந்ததா?

"கால் வலிக்குதுங்க" என்றாள் அம்மா.

தலைவர் ஒரு பட்டியலைப் புரட்டினார். வளர்ச்சிக்கான காரணங்கள் என்று முப்பத்தாறு அதில் இருந்தன. மூலதனம், கல்வி, நல்லாட்சி, கடல் துறைமுகம். கால் வலி இல்லை. நெருங்கி வருவது எது என்று ஏழு பேரும் பேசினார்கள். ஒருவர் துறைமுகம் என்றார். கடைசியில் கால் வலியை முப்பத்தேழாவது காரணமாகச் சேர்க்கலாமா என்று ஆராய ஒரு துணைக் குழு அமைத்தார்கள்.

ஆண்டுத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அம்மாவின் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. பகலில் அவள் மிதிப்பாள், நான் காஜா எடுத்துப் பட்டன் வைப்பேன். அவள் மனுவோடு போகும் நாள்களில் நான் மிதிப்பேன்.

அப்போதுதான் நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. வளர்ந்த நாட்டிலிருந்து ஒரு விருந்தினர் வருகிறார், சிறந்த ஒப்பீட்டு வீட்டுக்கு அவர் கையால் பாராட்டுப் பத்திரம், இந்த வருடம் அது உங்கள் வீட்டுக்கு என்று கரண்டி சார் வந்து சொன்னார். அம்மா பத்திரத்துக்காகச் சம்மதிக்கவில்லை. அந்த விருந்தினரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் கடிதம் வந்துவிடும் என்று நினைத்தாள்.

விழா அரங்கத்தில் முந்நூறு நாற்காலி. இயக்குநர் பேசினார்.

"ஏழு ஆண்டுகளுக்கு முன் இந்த நிலையம் ஒரே ஒரு வாடகை அறையில் இருந்தது. இன்று ஐந்து மாடிகள். அன்று ஊழியர்கள் நான்கு பேர். இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வளரும் நாடுகளில் வளர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? அன்பர்களே, வளர்ந்த நாடுகளுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி இந்த ஏழு ஆண்டுகளில் சற்றும் குறையவில்லை. இதை நாம் அடக்கத்தோடு சொல்லிக்கொள்ளலாம். நடுவில் அது குறைந்து தொலைத்திருந்தால் இத்தனை துல்லியமாக அளந்திருக்க முடியுமா? ஓடுகிற பேருந்தின் நீளத்தை யாராவது அளந்திருக்கிறார்களா? இந்த இடைவெளி நமது சொத்து. இதை நம்பி முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. நாற்பத்தொன்றாம் வீட்டைப் பாருங்கள். அன்றும் இரண்டரை இருக்கை. இன்றும் இரண்டரை இருக்கை. இந்த உறுதி எத்தனை பேருக்கு வரும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது எப்படிச் சும்மா இருப்பது என்று அப்புறம் என்னிடம் சொன்னாள்.

பிற்பகல் விருந்தினர் வீட்டைப் பார்க்க வந்தார். வயதானவர், நம்மைப் பார்த்தால் வெட்கப்படுகிற மாதிரி முகம். அவர் உட்கார நிலையத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். வாசலில் ஒருவர் நின்று, நாற்காலி உள்ளே போன நேரத்தைக் குறித்துக்கொண்டார். அது அரை மணிக்குமேல் உள்ளே இருந்தால் எங்கள் இருக்கை மூன்றரை ஆகிவிடுமாம். விருந்தினர் உட்கார்ந்தார். பத்திரத்தை அம்மாவிடம் கொடுத்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய பத்திரம். துணை இயக்குநர் அதை உடனே திரும்ப வாங்கி, சட்டத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, தாளை மட்டும் அம்மாவிடம் தந்தார். சட்டம் வீட்டுப் பொருள் கணக்கில் வரும்.

விருந்தினர் மெஷினைத் தொட்டுப் பார்த்தார். அம்மாவின் முழங்காலைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய என் புத்தகப்பையையும் பார்த்தார். பிறகு மெல்ல ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்த பையன் யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

"உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறாரு."

கரண்டி சார் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா வாயைத் திறந்தாள். துணை இயக்குநர் கையை நீட்டி நடுவில் வந்து நின்றார்.

"இந்த வரிசைக்கு அந்தக் கேள்வி கிடையாதுங்க. அது எதிர் வரிசைக்கு."

விருந்தினர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். நாற்காலி இருபத்தாறாம் நிமிடத்தில் வெளியே போனது. எதிர் வீட்டில் போய் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். வகுப்பை நிறுத்தினால் போதும் என்றாளாம் அட்டைப்பெட்டி அக்கா. அதைப் பயிற்சியால் வளர்ந்த தன்னம்பிக்கை என்று எழுதிக்கொண்டார்கள்.

தேர்வுக்கு ஆறு நாள் முன்னால் குழுவின் முடிவு தபாலில் வந்தது. அம்மா நூல் கோத்துக்கொண்டே என்னைப் படிக்கச் சொன்னாள். எழுதியவர்களிடம் பேச வேண்டியதில்லை என்பதால் நான் நன்றாகப் படித்தேன்.

'தங்கள் வளர்ச்சி இயல்பானதே எனக் குழு ஒருமனதாக ஏற்கிறது. இயல்பான வளர்ச்சி என்பது பிறர் துணையின்றித் தானே நிகழ்வது. மின் இணைப்பு என்பது பிறர் துணை. எனவே தங்களுக்கு மின் இணைப்பு தேவைப்படாது என முடிவு செய்து மனு முடித்துவைக்கப்படுகிறது. வாழ்த்துகள்.'

அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். வாழ்த்துகள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"வாழ்த்தா சொல்லியிருக்காங்க?"

"ஆமா."

"எதுக்குடி?"



சீருடைக் கடைக்காரர் கோபப்படவில்லை. இந்த ஒரு தவணையை மட்டும் முடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு மெஷினையும் கம்பி போகிற தெருவில் வேறொருவருக்குக் கொடுத்தார். அந்தத் தவணையை முடிக்க அம்மா நான்கு நாள் இடைவிடாமல் மிதித்தாள். ஐந்தாம் நாள் முழங்கால் மடங்கவில்லை. ஆஸ்பத்திரி உறைகளாவது போக வேண்டும் என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தேர்வு நடந்த காலைகளில் ஜன்னல் வழியாக என் வகுப்புப் பெண்கள் அளவுகோலும் அட்டையுமாகப் போவதைப் பார்த்தேன். அப்புறம் டீச்சர் பெயரை அடித்துவிட்டார். சொன்ன நாளுக்கு மேல் இரண்டு வாரம் பொறுத்துத்தான் அடித்தார்.

ஏழாண்டு ஆய்வு முடிந்தது. முடிவு வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாத வரிசை, உதவி செய்த வரிசையைவிட ஒரு நூலளவு மேலே இருந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. புரியாததால் இன்னும் ஏழு வருடம் நீட்டித்தார்கள். ஆறாம் மாடிக்குக் கம்பி கட்ட ஆரம்பித்தார்கள்.

நீட்டித்த ஆய்வின் முதல் பேட்டிக்குக் கரண்டி சார் வந்தார். தலை நரைத்திருந்தது. அவரும் ஆறு ஆறு மாதமாகத்தான் வேலையில் இருக்கிறார், ஒவ்வொரு தடவையும் நீட்டித்துத் தருகிறார்கள் என்று முன்பொரு நாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா காலை நீட்டித் தரையில் படுத்திருந்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உறைகள் அடுக்கியிருந்தன. மர ஸ்டூலில் நான். அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார்.

கரண்டி நான்கு. ஜன்னல் ஒன்று. இருக்கை இரண்டரை. நான் மிதிப்பதை நிறுத்தாமல் விரலால் காட்டிக்கொண்டே வந்தேன். இருநூற்றுப் பதினான்குக்குப் பிறகு ஒரு புதுக் கேள்வி சேர்த்திருந்தார்கள்.

"பள்ளியிலிருந்து நின்ற பிள்ளை உண்டா, உண்டெனில் காரணம். இதுல அஞ்சு காரணம் இருக்கும்மா. நான் படிக்கறேன். ஒண்ணு, ஆர்வம் இல்லை. ரெண்டு, பள்ளி தூரம். மூணு, கல்வியின் அருமை குடும்பத்துக்குத் தெரியலை. நாலு, நோய். அஞ்சு, திருமணம். எந்த விரலைக் காட்டறே?"

நான் மிதிப்பதை நிறுத்தினேன். அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதுக்குக் கீழே மற்றவைன்னு ஒரு கோடு இருக்கே சார்" என்றேன். ஏழு வருடமாக அவருடைய தாளைத் தலைகீழாகப் படித்து எனக்குப் பழக்கம்.

என் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. நிமிர்ந்தார். "அதுல எழுதறதை அஞ்சாம் மாடியில யாரும் படிக்கமாட்டாங்கம்மா. அதுக்கு நம்பர் கிடையாது."

"சொல்றவங்க வார்த்தையிலேயே எழுதணும்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கு."

"அப்ப எழுதிக்குங்க. எங்க வீடு ஒப்பீட்டு வீடு. நாங்க அசையக் கூடாதுன்னு சொன்னாங்க. அதனால நின்னுட்டேன்."

அவர் பேனாவின் மூடியைக் கடிக்கவில்லை. கோட்டின் மேல் மெதுவாக எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக நான் தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. கோடு போதாமல் ஓரத்தில் திருப்பி எழுதி முடித்தார்.

படித்தால்தான் பேட்டி செல்லும் என்ற அந்த நன்றி வரி அதற்குக் கீழேதான் இருந்தது. அவர் எழுந்து நின்றார். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தார். கண் அந்த வரியில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போனது. நான் காத்திருந்தேன். அம்மாவும் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்து காத்திருந்தாள்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வாளியை நிமிர்த்தி, குழாயடியில் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, நீலத் தகட்டில் தலை இடிக்காமல் குனிந்து, அந்த வரியைப் படிக்காமலே போய்விட்டார்.